ஊறப்போட்ட பந்து

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை இருக்கும்?”

டாக்டர் கன்னடத்தில்தான் கேட்டார். சின்ன வயசு. மேஜைமேல் பாதி குடித்த காபி ஆடை படிந்து கிடந்தது. கேள்வி தேசிங்கு அண்ணனைப் பற்றியது. ஆனால் அண்ணன் டாக்டரின் மேஜைக் காலண்டரை ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சரோஜா அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். அதனால் டாக்டரும் என்னைப் பார்த்தார்.

அவர் கேட்டது இதுதான். ஆடிய காலத்தில், பிராக்டீஸில், பந்தைத் தலையால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை முட்டியிருப்பார்?

“இருபது, முப்பது இருக்கும் சார்,” என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். பேனா தாளில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. ஏசி அறையில் உள்ளங்கை வேர்த்து, பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

உண்மைக் கணக்கு இருநூறுக்குக் குறையாது. பந்தைத் தூக்கிப் போட்டவன் நான். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

“இந்த மறதிக்கு அதுதான் காரணம்னு யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாது,” என்றார் டாக்டர், இப்போது அவருக்குத் தெரிந்த தமிழில். “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனா இனிமே தலையில சின்ன அடி கூட படக்கூடாது. பந்தே வேணாம்.”

சரோஜா அண்ணி தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அண்ணன் காலண்டரில் டிசம்பர்வரை போய்விட்டு மறுபடி ஜனவரிக்கு வந்திருந்தார்.

இந்தத் தொடரில் என் அப்பாவின் குடியை எழுதினேன். லேத் மெஷினில் போன விரல் நுனியைப் பற்றி எழுதினேன். கூச்சப்படவில்லை. “மர்பி டவுன்காரன் என்கிறாய், புட்பால் என்கிறாய், நெத்தியடி தேசிங்கைப் பற்றி ஒரு வரியைக் காணோமே, என்ன விரோதம்?” என்று தங்கவயலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். விரோதம் ஒன்றும் இல்லை ஐயா. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். நான் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நெத்தியடி

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேசிங்கு அண்ணன் உயரமான ஆள் இல்லை. என்னைவிட இரண்டு விரல்கடை குட்டை. ஆனால் மேலே எழும்பினால் ஒரு நொடி அங்கேயே நிற்பார். மற்றவர்கள் எல்லாம் இறங்கிய பிறகு இவர் முட்டுவார். கோல்கீப்பர் பந்தைத் தேடுவதற்குள் வலை ஆடிக்கொண்டிருக்கும்.

அல்சூர் ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு சலூன், ஒரு டீக்கடை பாக்கியில்லாமல் அவர் போட்டோ மாட்டியிருந்த காலம் உண்டு. மாநில அணிக்கு ஆடினார். ஸ்டேடியத்தில் எங்கள் ஏரியா ஆட்கள் உட்கார்ந்த பக்கம் பந்து கார்னருக்குப் போனாலே எல்லோரும் எழுந்துவிடுவார்கள். வீட்டில் அடுப்பு எரிகிறதோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு டிக்கெட் இருக்கும்.

ஒரு வழக்கம் வேறு இருந்தது. பிள்ளை பிறந்தால் முப்பதாம் நாள் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் பிள்ளையின் நெற்றியில் தன் நெற்றியை லேசாக வைத்து எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பிள்ளைக்குத் தைரியம் வருமாம். என் மூத்தவனுக்கும் வைத்தார். அவன் இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பந்தைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகிற ஜாதி.

நான் யார் இதில்? நான் வலது ஓரத்தில் ஓடிய சாதாரண ஆட்டக்காரன். ஓட்டம் சுமார், ஷூட்டிங் படுசுமார். கை மட்டும் நல்ல கை. கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் த்ரோ போட்டால், அது எந்தத் தலைக்குப் போக வேண்டுமோ அந்தத் தலைக்குப் போகும். அந்த ஒரு தகுதிக்காக என்னை டீமில் வைத்திருந்தார்கள். அண்ணனுக்குக் காலை பிராக்டீஸில் பந்து போடுகிற வேலையும் அதனால்தான் வந்தது. அதை நான் பெரிய பதவியாக நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

இரும்பு வாளி

அண்ணன் வீட்டுக்குப் பின்னால் அப்போது ஒரு காலி மைதானம். இப்போது அந்த இடத்தில் மூன்று அபார்ட்மென்ட் இருக்கிறது. காலை ஷிஃப்டுக்குப் போவதற்கு முன் அங்கே ஒரு மணி நேரம் பந்து போடுவேன்.

மற்ற இடங்களில் லேஸ் இல்லாத நல்ல பந்துகள் வந்துவிட்ட காலம். எங்களுக்கு வாய்த்தது பழைய லேஸ் பந்து. சிவாஜிநகரில் ஒரு செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து மாதம் ஒரு முறை தையல் போட்டுக்கொள்வோம். அந்த லேஸ் முடிச்சு நெற்றியில் பட்டால் சிவப்பாக ஒரு கோடு விழும். அண்ணன் நெற்றியில் அந்தக் கோடு நிரந்தரமாகவே தங்கிவிட்டது. அதைத் தொட்டுப் பார்க்க ஆட்கள் வருவார்கள்.

ஒரு நாள் மழையில் பந்து நனைந்து கல்லாகிவிட்டது. நிறுத்தலாம் என்றால் அண்ணன் கேட்கவில்லை. அதோடேயே முட்டினார். மறுநாள் மேட்சில் காய்ந்த பந்து. எத்திராஜ் என்கிற என் பேரை அவர் எத்தி என்றுதான் கூப்பிடுவார். ஆட்டம் முடிந்து என்னைக் கட்டிப்பிடித்துச் சொன்னார்:

“எத்தி, பந்து இன்னிக்கு பஞ்சு மாதிரி இருந்துச்சுடா.”

அவ்வளவுதான். எனக்குள் விளக்கு எரிந்தது. அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு இரும்பு வாளியில் தண்ணீர் நிரப்பி, பந்தை உள்ளே அமுக்கி, மேலே ஒரு கருங்கல்லை வைத்தேன். அரிசி ஊறப்போடுகிற மாதிரி பந்தை ஊறப்போட்டேன். அந்த யோசனை கோச்சினுடையது இல்லை, அண்ணனுடையது இல்லை. என்னுடையது.

காலையில் எடுத்தால் பந்திலிருந்து தண்ணீர் சொட்டும். ஈரத் தோல் வாடை கையைவிட்டுப் போகாது, பேக்டரியில் மதியச் சோற்றிலும் அடிக்கும். நான் போடுவேன், அவர் முட்டுவார். ‘தொப்’ என்று ஒரு சத்தம். இருநூறு தடவை. நான் மனசுக்குள் எண்ணுவேன். பத்து நாளில் கழுத்து எப்படித் திரண்டுவிட்டது என்று எல்லோரிடமும் பெருமையடித்தேன். அந்த வருஷம் அவர் தலையால் போட்ட கோல்களைப் பார்த்து வேறு டீம்களிலும் பந்தை ஊறப்போட ஆரம்பித்தார்கள். அதற்கும் நானே பெருமைப்பட்டேன்.

சில காலைகளில் பிராக்டீஸ் முடிந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒன்றிரண்டு முறை வாந்தி எடுத்தார். பித்தம் என்றோம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொடுத்தோம். யாருக்கு என்ன தெரியும் அப்போது? இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பகலில் அது செல்லுபடியாகிறது.

கல்யாண வீட்டுச் சிரிப்பு

எங்கள் ஏரியாவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் ஒருவர் இந்தக் கதையை எடுப்பார். பெரிய பைனல், மழை, ஆட்டம் முடிய கொஞ்ச நேரம். என் த்ரோவில் அண்ணன் எழும்புகிறார். அவர் தலையும் எதிர் டீம் தடுப்பாட்டக்காரனின் தலையும் பந்தும் ஒரே இடத்தில் மோதுகின்றன. பந்து வலைக்குள். நாங்கள் ஜெயித்தோம். தோளில் தூக்கிக்கொண்டு மர்பி டவுன் வரைக்கும் ஊர்வலம்.

ஊர்வலத்தில், தோள்மேல் உட்கார்ந்தபடி, அண்ணன் குனிந்து என்னைக் கேட்டார்:

“எத்தி, மேட்ச் எத்தனை மணிக்கு?”

இந்த இடத்தில் பந்தியே சிரிக்கும். ஆட்டத்தில் எப்படி மூழ்கியிருக்கிறார் பாருங்கள், கோல் போட்டது கூடத் தெரியவில்லை, கர்வமே இல்லாத மனுஷன் என்பார்கள். இந்தக் கதையை நான் ஒரு நூறு பந்தியிலாவது சொல்லியிருப்பேன். அவர் குரலை அப்படியே செய்து காட்டுவேன். நல்ல கைதட்டல் கிடைக்கும்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோது, அண்ணன் அல்சூர் ஏரியைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டார்: “மேட்ச் எத்தனை மணிக்கு?”

அதே குரல், அதே கேள்வி. நாங்கள் சிரித்த அன்றைக்கே அது ஆரம்பித்துவிட்டதோ? அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் சொல்வதில்லை. யாராவது சொன்னால் கை கழுவப் போய்விடுவேன்.

தெரியுதா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரசிகர்கள் அவர் வீட்டுக்கு வருவார்கள். எல்லோருக்கும் அறுபது, எழுபது வயசு. பழமும் ரஸ்க்கும் வாங்கிவருவார்கள். பாசம்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் ஒருவர் விடாமல் அவர் முகத்துக்கு நேரே குனிந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

“அண்ணே, என்னைத் தெரியுதா?”

பரீட்சை எழுதுகிற பிள்ளையைப்போல அண்ணன் கண் அலையும். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொள்வார். பிறகு ஒரு தந்திரம் கற்றுக்கொண்டார். யார் கேட்டாலும் சிரித்து, “நல்லா இருக்கியா? வூட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்பார். அவர்களும் “பாத்தியா, என்னைத் தெரியுது” என்று சந்தோஷமாக எழுந்து போவார்கள். போனபிறகு அண்ணி அவர் விரல்களை நாற்காலியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பார்.

நான் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். தெரிகிறது என்று சொல்லி, வேறு என்னென்ன தெரிகிறது என்றும் சொல்லிவிடுவாரோ என்கிற பயம். அதே சமயம் என் பேரை ஒரு தடவை சொல்ல மாட்டாரா என்றும் ஒவ்வொரு ஞாயிறும் ஏங்கினேன். ஒரு வருஷமாகச் சொல்லவில்லை. எனக்கும் “வூட்ல சௌக்கியமா”தான்.

டாக்டர் சொன்னதை நான் ரசிகர்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று ஆரம்பித்தால் வாளிக்கு வந்து நிற்கும். அண்ணியும் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லவில்லை என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

இதற்கு நடுவே போன மழைக்காலத்தில் சிவாஜிநகருக்குக் கறி வாங்கப் போனேன். வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். எந்த பஸ் என்று தெரியவில்லை. நம்பர் மறந்தது என்றால் பரவாயில்லை. எங்கே போக வேண்டும் என்பதே வரவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கும். கையில் கறிப்பை, சுற்றி ஜனம், கண்டக்டர்கள் ஊர்ப் பேராகக் கூவுகிறார்கள், அதில் எது என் ஊர்? பிறகு வந்துவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. அன்றிலிருந்து பஸ் நம்பரைச் சட்டைப்பையில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒண்ணே ஒண்ணு

விழா நடத்தியவன் லோகு. டிப்போவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். தேசிங்கு ரசிகர் மன்றத்துக்குத் தலைவன், செயலாளன், போஸ்டர் ஒட்டுகிறவன் எல்லாம் அவனே. அண்ணன் பேரில், அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்-எ-சைடு போட்டி வைத்தான். தொடங்கி வைக்க அண்ணன் வர வேண்டும், சால்வை போட்டு அனுப்பிவிடுகிறோம் என்று அண்ணியிடம் கேட்டு வாங்கினான்.

காலை வெயில். ஏரியாவில் மிச்சமிருந்த மைதானத்தில் சாமியானா. அண்ணன் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மைக்கில் ஒருவர் அந்த ஊர்வலக் கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

அதற்குப் பிறகு லோகு மைக்கை வாங்கினான். “இப்போ நம்ம எத்திராஜண்ணன் ஒரு த்ரோ போடுவாரு. நம்ம அண்ணன் ஒரு நெத்தியடி அடிப்பாரு. கடைசியா ஒரு தடவை கண்ணால பாத்துடுவோம்.”

மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு இரும்பு வாளியைத் தூக்கிவந்தான். உள்ளே லேஸ் வைத்த தோல் பந்து. எங்கிருந்து தேடிப் பிடித்தானோ.

“ராத்திரியே ஊறப்போட்டுட்டேண்ணே,” என்றான் என்னிடம், முகமெல்லாம் சந்தோஷம். “அண்ணனுக்கு இதானே பிடிக்கும்.”

பந்தை என் கையில் வைத்தான். அந்தக் கனம், அந்த வாடை. என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அண்ணன் என்னைப் பார்த்தார். என்னை என்றால் பந்தை. எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். செருப்பை விட்டார். யாரும் கையைப் பிடிக்காமல், பத்தடி தள்ளிப் போய், சரியாக அந்தத் தூரத்தில் நின்றார். முழங்காலை மடக்கி, கழுத்தை இறுக்கி, கண்ணைப் பந்தின் மேல் வைத்தார். எண்பது வயசை நெருங்குகிற உடம்பு, அப்படியே பழைய நிலையில் நின்றது.

“போடு, எத்தி.”

ஒரு வருஷமாக நான் காத்திருந்த பேர். இதற்காகச் சொன்னார்.

கூட்டம் கத்தியது. எல்லாக் கையிலும் மொபைல். நான் அண்ணியைத் தேடினேன். தடுத்துவிடுவார் என்று நம்பினேன். அவர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். கண் நிறைந்திருந்தது.

“ஒண்ணே ஒண்ணு போடுங்க தம்பி. அவரு மூஞ்சியைப் பாருங்க. எத்தினி நாளாச்சு இப்படிப் பாத்து.”

இனி சொல்லாமல் இருக்க முடியாது. “அண்ணி, டாக்டர்கிட்ட நான் பொய் சொன்னேன். முப்பது இல்ல. இருநூறு. தினமும். பந்தை ஊறப்போட்டதும் நான்தான்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன்.

“தெரியும்,” என்றார். “சமையல்கட்டுல சத்தம் கேட்டுக்கிட்டேதானே இருப்பேன். நானும் எண்ணுவேன். டாக்டர் கேட்டப்போ நானும்தான் வாயைத் தொறக்கல.”

“ஏன் அண்ணி?”

“பயம்தான் தம்பி. உங்களுக்கு இருந்த பயம்தான்.”

“போடுடா,” என்றார் அண்ணன். குரலில் கோபம் ஏறியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, நெற்றியில் அந்தப் பழைய கோடு வெளிறித் தெரிந்தது. போடாவிட்டால் மாலைவரை அப்படியே நிற்பார். போட்டால் முட்டுவார், அதில் சந்தேகமே இல்லை. லோகு மைக்கில் என் பேரைச் சொல்லி ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான். கூட்டமும் சேர்ந்துகொண்டது.

நான் குனிந்து பந்தை வாளிக்குள் விட்டேன். தண்ணீர் காலில் தெறித்தது.

“போதும்ணே,” என்றேன்.

கூட்டத்தில் யாருக்கும் அது கேட்டிருக்காது. அண்ணனுக்குக் கேட்டது. அந்த நொடியே கழுத்து தளர்ந்தது. முழங்கால் நிமிர்ந்தது. வேர்வை இல்லாத நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“சரி,” என்றார். திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

லோகு ஓடிவந்து என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க என்று ஏதேதோ கேட்டான். அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டர் சொன்னது, நான் சொன்ன பொய், வாளி, எல்லாம். அவன் முகம் செத்துப்போயிற்று. வாளியைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனவன் வெகுநேரம் வரவில்லை. மைக்கை வேறு யாரோ வாங்கி ஆட்டத்தைத் தொடங்கினார்கள்.

அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்து, வூட்ல எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம்ணே என்றேன். அண்ணி அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல், சாதாரணமாகத்தான் சொன்னார்.

“அவரு என்னிக்குத் தானா நிறுத்தியிருக்காரு? நீங்க போதும்னு சொன்னாத்தானே நிறுத்துவாரு. ஒரு நாளும் எதுத்துப் பேசினதில்ல.”

உண்மைதான். இருநூறு என்பது அவர் வைத்த கணக்கு இல்லை, நான் வைத்தது. முப்பதில் போதும் என்று சொல்லியிருந்தால், அவர் கேட்டிருப்பார்.